பனையடி வளைவில் நிற்கும் கார்

பேய்க்கதை என்றாலே இக்னேசியஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். உப்புவெளியில் அவனுடைய கராச்சுக்கு வரும் கார்கள் நிற்பதற்கு மூன்றே காரணங்கள்தான்: பிளக்கில் கரி, பொயின்ற் தேய்வு, இல்லாவிட்டால் பெற்றோல் ஓட்டத்தில் தடை. நான்காவதாக ஒன்றைச் சொல்லிவிட்டு அவனிடம் யாரும் தப்ப முடியாது.

ஆனால் குணேஸ்வரியின் பழைய ஒஸ்டின் கார் அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. நிற்கையில் ஸ்ராட் பண்ணினால் இருமல்காரனைப் போலக் குலுங்கும். ஓட்டிப்போனால் நிலாவெளி றோட்டில் பனையடி வளைவு வரைக்கும் போய் மூச்சை விட்டுவிடும். கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடவாதது போலத் திரும்ப ஸ்ராட் ஆகும்.

அந்தக் காரை வாடகைக்கு ஓட்டிய அவள் புருஷன் ஞானசேகரத்தைப் போன ஆனியில் ஹயருக்கென்று சிலர் கூட்டிப்போனார்கள். யாரென்று தெரிந்தவர்கள் வாய் திறப்பதில்லை. மறுநாள் அதே வளைவில், நாலு கதவும் திறந்தபடி கார் மட்டும் நின்றது.

வருசம் திரும்ப முன் அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிட வேண்டும் என்று ஞானசேகரத்தின் தமையன் பாக்கியரத்தினம் ஒற்றைக்காலில் நின்றார். உயிரோடு இருக்கிற மனிசனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதா என்று அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதைத்தான் அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இக்னேசியஸ் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தான். பொயின்ற் சரி. காபரேட்டரும் சுத்தம். கடைசியில் பெற்றோல் வரும் குழாயைக் கழற்றி, வாயை வைத்துப் பின்பக்கமாக ஊதினான். பின்னால் பெற்றோல் தாங்கிக்குள் குமிழி வெடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பப் பூட்டியதும் எஞ்சின் சீராக ஓடியது. சற்று நேரத்தில் பழையபடி குலுங்கத் தொடங்கியது. தாங்கிக்குள் ஏதோ மிதந்து வந்து குழாய் வாயை அடைக்கிறது. அவனுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

தாங்கியை இறக்கிக் கம்பியால் துழாவினான். கொழகொழவென்று ஒரு துணித்துண்டு வந்தது. நீலக் கட்டம், பச்சைக் கரை. அதைப் பக்கத்தில் நின்ற குணேஸ்வரியிடம் நீட்டினான்.

"வடிக்கிற துணி தவறி விழுந்திட்டுது, தங்கச்சி. அவ்வளவுதான்."

அந்தச் சண்டை நாளில் பெற்றோல் போத்தலில்தான் கிடைக்கும், துருவும் தண்ணீருமாக. புனல் வாயில் துணி போட்டு வடிக்காமல் ஊற்றுகிற டிரைவரே இல்லை. குணேஸ்வரி டாஷ்போர்ட் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்துக் காட்டினாள்.

"வடிக்கிற துணி இந்தா இருக்கு, அண்ணை. இது அண்டைக்கு அவர் உடுத்தியிருந்த சாரம். நான்தான் தோச்சுக் குடுத்தனான்."

இக்னேசியஸுக்கு மெல்ல விளங்கியது. வழியில் பெற்றோல் ஊற்ற நிறுத்தியிருக்கிறார்கள். வடிக்கப் போவதாகச் சொல்லிச் சாரத்தைக் கிழித்து, அவர்கள் கண்முன்னாலேயே உள்ளே நழுவவிட்டிருக்கிறான் மனிசன். கார் எங்கேயாவது நிற்கும். அவர்கள் பொனற்றைத் திறந்து குனியும்போது ஓடலாம் என்று.

"விசயகாரன்!" என்று வியந்து வாய்விட்டுச் சொன்னான்.

"அப்ப ஓடித் தப்பியிருப்பார், என்ன அண்ணை?"

அவள் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு வெளிச்சம் வந்திருந்தது. இல்லை என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"ஓம்" என்றான்.

தாங்கியைக் கழுவிப் பூட்டி, பெற்றோலைத் தானே இரண்டு தரம் வடித்து ஊற்றினான். பின்னேரம் அவளையும் ஏற்றிக்கொண்டு வளைவு வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் போனான். எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. பனையடி வந்ததும் ஸ்டியரிங் நடுங்கியது. கார் இரண்டு தரம் குலுங்கி நின்றது.

பொனற்றைத் திறந்தான். பெற்றோல் நிறைய வந்திருந்தது. பிளக்கில் பொறி நீலமாகத் தெறித்தது. நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை. காற்று ஓய்ந்து கிடந்தது. பனையோலை ஒன்றுகூட அசையவில்லை.

குணேஸ்வரி இறங்கினாள். றோட்டோரப் பற்றைக்காட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்து வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பிறகு பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிடும் குரலில் சொன்னாள்:

"வாங்கோவன். வீட்ட போவம்."

காரின் பின்பக்கம் மெல்லப் பதிந்தது.

கதவைச் சாத்திவிட்டு அவள் முன்னால் வந்து ஏறினாள். அவன் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே பிடியில் பற்றியது. காரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கிளச்சை விடும்போதே சொல்லிவிடக் கூடியவன் அவன். இப்போது அது சொன்ன கணக்கை நம்பப் பயந்து, கண்ணாடியைப் பார்க்காமலே வீடு வரைக்கும் ஓட்டினான்.

வாசல் படலையடியில் அவள் இறங்கிப் பின் கதவைத் திறந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். கார் நிமிர்ந்தது.

"அண்ணை, போற வழியில பாக்கியரத்தினம் அத்தானிட்ட ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்றாள். "அந்தியேட்டிக்கு ஐயரோட கதைக்கச் சொல்லி."