உறையாத பால்

ஆத்மநாதனுக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்து ஒரு வருஷமாகிறது. திருமயம் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வேலையை விட்டாலும் வாய் மட்டும் டியூட்டியில்தான் இருக்கிறது. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவரை ஒரு மருந்துச் சோதனையில் சேர்த்திருந்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பி நோயோடு மோதவிடும் மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸில் ஏறும். அதற்குத் துணையாகத் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கேப்ஸ்யூல், உள்ளே நல்ல கிருமிகள். அவை வயிற்றில் குடியேறினால் டிரிப்ஸ் இன்னும் நன்றாக வேலை செய்யுமா என்று பார்க்கிறார்களாம்.

"நம்ம ஆளுங்க உள்ள ஏறி சீட்டப் புடிச்சுட்டாய்ங்க. கெட்ட பயலுக இப்ப படிக்கட்டுல தொங்கிக்கிட்டிருக்காய்ங்க. அடுத்த ஸ்டாப்புல எறக்கி விட்டுருவோம்" என்று விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களும் சிரித்துவிட்டு, கொண்டுவந்த சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போனார்கள்.

அவர் மனைவி பொற்கொடியும் சிரித்தாள். உள்ளுக்குள் அவளுக்கு ஒரு கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. டிரிப்ஸ் எல்லாருக்கும் உண்டு. கேப்ஸ்யூல் அப்படியில்லை. பாதிப் பேருக்குத்தான் நிஜம், மீதிப் பேருக்கு உள்ளே வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது, சோதனை முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்கள். இதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஆத்மநாதன் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பொற்கொடிக்குத்தான் தூக்கம் போயிற்று.

கிருமி இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க என்ன பெரிய படிப்பு வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து பாலுக்கு உறை ஊற்றுகிறவளுக்குத் தெரியாதா? ஒரு நாள் அவர் பஸ் ஸ்டாண்டுக்குக் கதையடிக்கக் கிளம்பியதும், ஃப்ரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்தாள். கைவசம் இருக்கட்டும் என்று சில கேப்ஸ்யூல்களைக் கூடுதலாகவே போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்றைப் பிரித்து வெதுவெதுப்பான பாலில் கொட்டினாள். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்து டம்ளரில் ஒரு சொட்டுத் தயிர். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத்தான் சோதனை வைக்கத் தெரியுமா என்ன!

விடிந்ததும் பார்த்தாள். தயிர் விட்ட பால் கெட்டியாக உறைந்திருந்தது. கேப்ஸ்யூல் போட்ட பால் லேசாக வாடை அடித்ததே தவிர, பாலாகவே கிடந்தது.

வெறும் மாவைத் தின்றுவிட்டா இந்த மனுஷன் ஊரெல்லாம் பெருமையடிக்கிறார்? அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. அவருடைய பஸ் கதைக்கு முன்னைவிடச் சத்தமாகச் சிரித்து வைத்தாள். அடுத்த தடவை திருச்சிக்குப் போகும்போது இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள்.

கேட்கவும் செய்தாள். அறையின் மூலையில் ஆத்மநாதன் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் மிச்சமிருந்த கேப்ஸ்யூல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரருக்கு நெசமான மருந்து குடுங்க. இல்லாட்டி இந்தச் சோதனையே வேணாம், நாங்க வெலகிக்கிறோம்."

டாக்டர் சத்யா நிமிர்ந்து பார்த்தார். "இவருக்கு எதுன்னு எனக்கே தெரியாதும்மா. ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"பாலுல போட்டுப் பாத்தேங்க. ஒறையல."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டது நன்றாகத் தெரிந்தது. "தயிர்க் கிருமி வேற, இது வேறம்மா. இது காத்துப் பட்டா வளராது. உள்ள கிருமி இருந்தாலும் பால் ஒறையாது, மாவா இருந்தாலும் ஒறையாது. ஒங்க டம்ளர் ஒண்ணையுமே சொல்லல. எது வந்திருந்தாலும் டிரிப்ஸ் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு."

பொற்கொடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் டம்ளரை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"மேடம், இதுல ரெண்டு கொறையுதே" என்றார் நர்ஸ்.

"நான் ஒண்ணுதாங்க எடுத்தேன். சத்தியமா ஒண்ணுதான்."

அறையில் மிச்சமிருந்தது ஒரே ஆள்தான். மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் எடையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டப்பா வந்த மறுநாளே" என்றார் கடைசியில். "டீக்கடையில பாலு வாங்கி நானும் ஒண்ணப் போட்டுப் பாத்தேன். எனக்கும் ஒறையல."

"இனிமே ரெண்டு பேரும் பாலுல போடாதீங்க, வாயில போடுங்க" என்று டாக்டர் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார். "சரி, வெலகணுமா, இருக்கீங்களா?"

"இருக்கோங்க" என்றாள் பொற்கொடி.

டிரிப்ஸ் ஏற ஆரம்பித்ததும் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாவுன்னு நெனச்சுக்கிட்டேதான் ஊரெல்லாம் பஸ்ஸு ஓட்டுனீங்களா?"

"தெரிஞ்சா ஒனக்குச் சோறு எறங்காதேன்னுதான். நீயும் விழுந்து விழுந்து சிரிச்சியே."

"ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்."

அவர் கண்ணைச் சொட்டுகளின் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "பயமாத்தான் இருக்கு கொடி" என்றார். ஒரு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும்தாங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதைச் சொல்லி முடித்ததும் இருவருக்குமே நல்ல பசி எடுத்தது.