லைனில் புகுந்த பொம்பளை

ராஜகீழ்ப்பாக்கம் அரிகிருஷ்ணன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி என்பது அமெரிக்காவுக்கு உரிய நேரம். அவர் மனைவி தையல்நாயகி அதற்குள் குளித்து, தலை சீவி, பூ வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். குரல் மட்டும்தான் போகும், முகம் தெரியாது என்று மகன் பாலு எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். அவள் பவுடர் பூசுவதை மட்டும் விடவில்லை.

பாலுவுக்கு டாலசில் வேலை. 2006-இல் லீவுக்கு வந்தபோது வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்கிக் கொடுத்து, இன்டர்நெட் வழியாகப் பேசவும் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான். ஒரு வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கடந்த இரண்டு மாதமாகத்தான் இந்தத் தொல்லை.

"லைன்ல எவளோ ஒருத்தி பூந்துகினு கீறா," என்று தையல்நாயகி கணவரிடம் முறையிட்டாள். "நான் இன்னா கேட்டாலும் அதையே என்ன திருப்பிக் கேக்கறா. 'சாப்டியா'ன்னா, 'சாப்டியா'ன்றா. போன வாரம் பாலுகிட்ட 'விசேஷம் எதுனா உண்டா'ன்னு கேட்டேன். அந்தப் பொம்பள என்னக் கேக்கறா. அம்பத்தாறு வயசுல எனக்கு இன்னா விசேஷம்?"

அரிகிருஷ்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "கொரலு எப்பிடி?"

"கரகரன்னு கீது. அதட்டற மாதிரி. அவ வூட்ல கீறவங்க எப்பிடித்தான் சமாளிக்கிறாங்களோ."

அரிகிருஷ்ணன் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

தையல்நாயகிக்கு உண்மையான மனக்குறை வேறு. மருமகள் ஹேமாவதியின் குரலைக் கேட்டு இரண்டு மாதமாகிவிட்டது. முன்பெல்லாம் பாலு இரண்டு வார்த்தை பேசுவதற்குள் ஹேமா ஹெட்போனைப் பிடுங்கிக்கொள்வாள். புளிக்குழம்பு கெட்டியாகாததில் தொடங்கி ஆபீஸ் கதை வரைக்கும் அத்தையிடம் கொட்டிவிட்டுத்தான் விடுவாள். இப்போது கேட்டால் "குளிக்கறா", "தூங்கறா", "கடைக்குப் போயிருக்கா" என்று பாலு ஏதாவது சொல்கிறான். அங்கே ராத்திரி ஒன்பதரை மணிக்கு வாராவாரம் அப்படி என்ன கடை என்று இவள் யோசிக்கவில்லை. லைன் சரியில்லை, அதனால்தான் பெண் பேச வருவதில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஹேமா பக்கத்தில் இல்லை என்ற தைரியத்தில் அவள் வாய்க்குப் பூட்டே இல்லாமல் போனதும் உண்மை. பாலுவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். வாராவாரம் விசேஷத்தைப் பற்றிய விசாரணை உண்டு. அதன் பின்னால் யோசனைகளும் வரும்.

எப்படியாவது லைனைச் சரிசெய்துவிட வேண்டும் என்று, ஜங்ஷனில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் மொஹ்சினைக் கூப்பிட்டார்கள். அவர் மோடத்தை அணைத்துப் போட்டார். ஒயரை மாற்றினார். புது ஹெட்போன் கொண்டுவந்து மாட்டினார். அந்தப் பொம்பளை போகவில்லை. கடைசியில், பேசும் நேரத்திலேயே வந்து பார்க்கிறேன் என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்.

பாலு லைனில் வந்ததும் மொஹ்சின் ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டினார். "ஹலோ பாலு சார், நான் மொஹ்சின்," என்றார். ஒரு நொடி கேட்டார். உடனே சிரித்துவிட்டார்.

"அக்கா, உங்க லைன் சுத்தமா இருக்கு. நம்ம குரல் நமக்கே திரும்பி வந்தா, கோளாறு அந்தப் பக்கம். சார் அங்க ஹெட்போன் போடாம ஸ்பீக்கர்ல வெச்சிக் கேக்கறார். ஸ்பீக்கர்ல வர்ற உங்க குரல அங்க இருக்கற மைக் புடிச்சி இங்கயே அனுப்பிடுது. பொம்பள யாரும் நுழையல. அது நீங்கதான்."

"போ தம்பி. அது என் கொரலா?"

"நம்ம குரல வெளியிலேர்ந்து கேட்டா நமக்கே அடையாளம் தெரியாதுக்கா. எதுனா பேசிப் பாருங்க."

தையல்நாயகி ஹெட்போனை வாங்கி மாட்டினாள். எதுனா பேசு என்றால் எதைப் பேசுவது? வாய் பழக்கப்பட்ட வழியிலேயே போயிற்று. "இன்னாடா பாலு, விசேஷம் எதுனா உண்டா?"

ஒரு நொடி கழித்து அதே கேள்வி காதுக்குள் வந்து விழுந்தது. இந்தத் தடவை அது தன் குரல் என்று தெரிந்தே கேட்டாள். பாசமாகக் கேட்கிறோம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதில் பாசத்தையே காணோம். தாம்பரம் ஸ்டேஷனில் வழிமறித்து டிக்கெட் கேட்பவரின் குரல் போல இருந்தது.

உடனே இன்னொன்றும் உறைத்தது.

"தம்பி, ஸ்பீக்கர்ல வெச்சா அந்த ரூம்ல கீறவங்க எல்லாருக்கும் கேக்குமா?"

"வீடு பூரா கேக்கும்க்கா."

தையல்நாயகிக்குத் தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஹேமாவோட சித்திக்கும் கொழந்த இல்ல, அந்த வூட்டு வழியே அப்பிடித்தான் என்று ஒரு வாரம் சொல்லியிருந்தாள். டாக்டரிடம் அவளை மட்டும் காட்டு, உனக்கு ஒரு குறையும் இருக்காது என்று இன்னொரு வாரம். மற்ற வாரங்களை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

"பாலு, ஹேமா அங்க கீறாளா?"

ஹேமா அங்க கீறாளா என்று அவள் குரல் அவளையே கேட்டது. பாலு தொண்டையைக் கனைத்தான். "அம்மா, அவ வந்து..."

"இருக்கேன் அத்தை," என்று ஹேமாவதியின் குரல் வந்தது.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மாசமா. நான்தான் ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன். உங்ககிட்ட பேசி முடிச்சாலே இவர் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். கேட்டா சொல்லமாட்டார். என்னப் பத்திப் பேசறது எனக்கும் தெரியணும் இல்லியா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் தையல்நாயகியை அதிகமாகச் சுட்டது.

"நாங்க டாக்டரப் பாத்துக்கிட்டுதான் இருக்கோம் அத்தை. ரெண்டு பேருக்கும்தான் டெஸ்ட் எடுக்கறாங்க. ஒவ்வொரு மாசமும் நானே எனக்கு ஒரு தடவ இல்லன்னு சொல்லிக்கறேன். உங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவ சொல்ல என்னால முடியல. அதான் பேச வரல."

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் தையல்நாயகி யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக அந்த வீட்டில் நினைவில்லை. அரிகிருஷ்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"தப்பு என்னுதுதாம்மா. மன்னிச்சிக்கோ," என்றாள். அது அவள் காதுக்கும் திரும்பி வந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொம்பள இப்பத்தான் உருப்படியா ஒரு வார்த்த பேசினா."

"எந்தப் பொம்பள அத்தை?"

தையல்நாயகி இரண்டு மாதக் கதையைச் சொன்னாள். அம்பத்தாறு வயசில் தன்னிடம் ஒருத்தி விசேஷம் கேட்டதைச் சொல்லும்போதே ஹேமா சிரிக்கத் தொடங்கிவிட்டாள். பாலுவும் சேர்ந்துகொண்டான். மொஹ்சின் சொன்னபடி அங்கே ஹெட்போனைச் செருகியதும் எதிரொலியெல்லாம் அடங்கிக் குரல் கண்ணாடி போலத் தெளிவானது. அதன் பிறகு நாற்பது நிமிஷம் மாமியாரும் மருமகளும் பேசினார்கள். பாலுவுக்கு ஒரு வார்த்தை பேசவும் இடம் கிடைக்கவில்லை.

அதுவரை பொறுமையாகக் காத்திருந்த மொஹ்சினை வழியனுப்பத் தையல்நாயகி கேட் வரைக்கும் போனாள். பக்கத்து வீட்டு அங்காளம்மாள் கோலமாவு டப்பாவோடு வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னா தையலு, செம சிரிப்பு சத்தம் கேட்டுச்சே. மருமவளுக்கு விசேஷமா?"

"அவ பேசினா. அதான் விசேஷம்," என்றாள் தையல்நாயகி.

"அது சரி, நாலு வருசமாச்சே. நீ எதுவும் கேக்கலியா?"

"கேட்டேன். வாரம் தவறாம கேட்டேன். அதுலதான் அந்தப் பொண்ணு என்கிட்ட பேசறதயே வுட்டுடிச்சி." தையல்நாயகி கேட்டைச் சாத்தினாள். "கொழந்த உண்டாச்சின்னா ஊருக்கே அவங்களா சொல்லுவாங்க அங்கா. சொல்லலன்னா, நம்ம கேக்கக் கூடாதுன்னு அர்த்தம்."