ஒன்பது மணி வெயில்

பல்லக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். ஆஸ்பத்திரிகளுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவள். மூன்றாம் மாடி, கிழக்கு ஜன்னல், அதன் கீழே ஒரு மேசை. ஒன்பது மணிக்கு வெயில் மேசையில் ஏறும், பதினொன்றுக்கு இறங்கிவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் பல்லுக்கு நிறம் பார்த்துவிட வேண்டும். ட்யூப் லைட்டுக்குக் கீழே எல்லாப் பல்லும் ஒரே வெள்ளைதான். வெயிலில் வைத்தால், இது டீ குடிக்கிறவர் பல், இது சிகரெட் பிடிக்கிறவர் பல் என்று அதுவே சொல்லிவிடும்.

எதிரே முப்பது மாடி எழும்பப்போகிறது என்று பலகை வைத்தபோது தெருவே கலங்கிப்போனது. பல்லக்கா அசரவில்லை. மனிதர் புழங்கும் அறைக்கு வரும் வெயிலில் பாதிக்குமேல் மறைந்தால் கட்டடத்தைக் குட்டையாக்க வேண்டும். அது நகர அலுவலகத்து விதி.

"என் ஜன்னல் ஒண்ணு போதும், பத்து மாடியைக் கழிச்சிடலாம்" என்றாள், கீழே முடிதிருத்தும் கடைக்காரரிடம்.

"கழிச்சுட்டா ஆயுசுக்கும் உங்களுக்கு முடிவெட்டு இலவசம்க்கா."

"இருக்கிற நாலு முடிக்கா? நல்ல ஆளுய்யா நீ!"

நகர அலுவலகத்தில் ஆட்சேபனை மனு கொடுத்தாள். விசாரணைக்குத் தம்பியும் கூட வந்தான். எட்டு வயதிலிருந்து அவள் வளர்த்த பிள்ளை. அதிகாரி காகிதத்தைப் புரட்டி வாசித்தார்.

"மூன்றாம் மாடி, கிழக்கு அறை. சாமான் அறை. யாரும் புழங்குவதில்லை. ஆட்சேபனை செல்லாது."

"யாருங்க அப்படிச் சொன்னது?"

"வெயில் அளக்க வந்தவர்கிட்ட உங்க வீட்டிலேயே சொல்லி, கையெழுத்தும் போட்டிருக்காங்களே."

காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். தம்பியின் கையெழுத்து. அவள் கை பிடித்துப் பழக்கிய எழுத்து.

தேதியைப் பார்த்தாள். அன்று ஆஸ்பத்திரிக்குப் பல் கொடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது மேசை துடைத்துக் கிடந்தது. பல் அச்சுகளெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருந்தன. ஜன்னலில் திரை. 'தூசி படியக் கூடாதுன்னுதான்க்கா' என்றான். என் தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்துப்போய், மாடி மாடியாக ஏறிச் சொல்லிவிட்டு வந்தாளே!

காகிதத்தை வைத்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா?"

"மெதுவா பேசுக்கா. கட்டடக்காரங்க அங்க இருபத்திரெண்டாவது மாடியில எனக்கு ஒரு வீடு தர்றேன்னாங்க. நாள் பூரா வெயில். உன் மேசையையும் தூக்கிட்டுப் போயிடலாம். உனக்காகத்தான் செஞ்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டியா என்னை?"

"கேட்டா நீ விடமாட்டே."

அதிகாரி பேனாவை எடுத்தார். "அம்மா, இது பொய்யின்னா இப்பவே சொல்லிடுங்க. திரும்ப அளக்கச் சொல்றேன். ஆனா பொய்க் கையெழுத்துப் போட்டவர் மேல வழக்கு வரும். அதையும் யோசிச்சுக்குங்க."

தம்பி அவள் கையைப் பற்றிக்கொண்டான். சின்ன வயதில் ஊசி போடக் கூட்டிப்போனால் பிடிப்பானே, அதே பிடி.

"சொல்லமாட்டேதானேக்கா?"

அவன் குரலில் பயமே இல்லை. அக்கா வாயைத் திறக்கமாட்டாள் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறான். திரை போட்டதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"பொய்தாங்க. அது நான் வேலை செய்யிற அறை. முப்பது வருஷமா."

அதிகாரி எழுதத் தொடங்கினார். வளர்த்தவளே கழுத்தை அறுத்துவிட்டாள் என்பதுபோல் தம்பி அவளைப் பார்த்தான்.

"நீயாக்கா?"

அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதையும் அவனே கேட்டுவிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்கேங்க கையெழுத்துப் போடணும்?" என்று அதிகாரியிடம் கேட்டாள்.