பென்சில் குறி போட்ட இடம்

"பேரே இல்லையே அக்கா," என்றாள் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுன்டரில் இருந்த பெண்.

கேட்டு நின்றவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. காலையிலிருந்து இந்தப் பெண் மூன்று பேரிடம் இதையே சொல்லிவிட்டு, பிறகு தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்ததை வரிசையில் நின்றபடி பார்த்திருந்தாள்.

"என் பொண்ணோட அப்பா பேர்ல பாருங்கம்மா. அவரோட கம்பெனி பாலிசி."

"அதுலதான் பாக்குறேன். பொண்ணு பேர் மட்டும் இல்ல, பாலிசியே இல்லக்கா. நின்னு நாலு மாசம் ஆச்சு."

நாலு மாசம். அந்தச் சொல் காதில் விழுந்ததே தவிர மனதுக்குள் இறங்கவில்லை. பின்னால் நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது. இடது காதில் பஞ்சு, மடியில் மாற்றுத்துணி வைத்த பை. நாளைக் காலை ஏழு மணிக்கு அவளுக்கு ஆபரேஷன். காதுக்குள் ஏதோ வளர்ந்து, அங்கிருக்கும் சின்ன எலும்புகளை அரித்துக்கொண்டிருந்தது. "அரிசி அளவுகூட இல்லாத எலும்பும்மா. போனா போனதுதான். ஒரு மாசம்கூடத் தள்ளிப்போட முடியாது," என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பணமா கட்டுறதா இருந்தா?"

கவுன்டர் பெண் வாயால் சொல்லவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அதைத் தலைகீழாகத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினாள். அவளுடைய ஐந்து மாதச் சம்பளம்.

"பதினோரு மணிக்குள்ள சொல்லிடுங்கக்கா. இல்லன்னா ஆபரேஷன் தியேட்டரை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

மணி ஒன்பதேகால். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கவுன்டர் பெண்ணின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கையெழுத்துப் போட்டிருந்த அதிகாரி யார் என்பதுவரை படித்தாள். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. வந்ததும் பெரிய ஆறுதலாக இருந்தது. கோபத்துக்கு ஓர் ஆள் இருந்தான். ஐந்து வருடமாக அந்த ஒரே ஆள்தான்.

பிரிந்தபோது கோர்ட் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தது. மகள் அம்மாவிடம். மாதா மாதம் அப்பா பணம் போட வேண்டும். மருத்துவ இன்சூரன்ஸ் அப்பா பொறுப்பு. அதில் எழுதாத மிச்சத்துக்குத்தான் சண்டை. கண்ணாடிக்கு யார், பல் கம்பிக்கு யார் என்று சேர்ந்து வாழ்ந்தபோது எழுதாத கடிதங்களையெல்லாம் பிரிந்தபிறகு வக்கீல் மூலம் எழுதிக்கொண்டார்கள். பேச்சு கிடையாது. ஸ்கூல் பாரம், பாங்கு பாரம் என்று எதுவானாலும் ஒரு மஞ்சள் ஃபைலில் மகளின் பையோடு போய்வரும்.

ஓரமாகப் போய் அவனுக்குப் போன் போட்டாள்.

"நீ எல்லாம் மனுஷனா?" இத்தனை நடந்தும் 'நீங்க' விட்டுப்போகாத வாய், இன்றுதான் 'நீ' என்றது.

"என்ன ஆச்சு? பாப்பாவுக்கு என்ன?"

"அவ நல்லாத்தான் இருக்கா. உன் இன்சூரன்ஸ்தான் செத்துப்போச்சு."

"என்ன உளர்ற? நீதானே உன் ஆபீஸ் பாலிசியில சேக்கிறேன்னு கையெழுத்துப் போட்ட?"

"நானா!"

"அங்கேயே இரு. வரேன்."

இருபது நிமிடத்தில் வந்தான். லிஃப்ட் மெக்கானிக், நான்கு மாடியும் படியேறி வந்தான். "லிஃப்ட் எப்படிக் கட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும், நான் ஏற மாட்டேன்," என்று அந்தக் காலத்தில் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்க வைப்பான். இப்போது மூச்சு வாங்கியது. சட்டைப் பையின்மேல் கம்பெனிப் பெயர் தைத்திருந்த இடத்தில் பிரித்த நூல் நாலைந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஏன் பிரித்திருக்கிறான் என்று அவளுக்கு ஓடவில்லை.

மகளைத் தாண்டி இருவரும் படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போனார்கள். அவன் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று தாள்களை உருவி நீட்டினான்.

"கோர்ட்ல குடுத்த நகல். நல்லாப் படி."

படிப்பது அவள் தொழில். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விவரத் தாள்களை அச்சுக்குப் போகும் முன் சரிபார்ப்பவள். எத்தனை மில்லி, எத்தனை வேளை, யார் சாப்பிடக் கூடாது என்று எறும்பு சைஸ் எழுத்தில் எட்டு மணி நேரம் படிப்பாள். அச்சகத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்றே பெயர். ஒரு புள்ளி இடம் மாறியதற்காக ஓடுகிற மிஷினை நிறுத்தச் சொல்லி, முதலாளியிடம் திட்டும் பிறகு பாராட்டும் வாங்கியவள்.

இப்போது படித்தாள். *தந்தை பணிபுரிந்த நிறுவனம் மூடப்படுவதால்... குழந்தையின் மருத்துவக் காப்பீட்டுப் பொறுப்பைத் தாய் ஏற்க முழு மனதுடன் சம்மதித்து... பிரீமியத்தில் பாதியைத் தந்தை மாதந்தோறும்...* ஒவ்வொரு தாளின் அடியிலும் அவள் கையெழுத்து. பக்கத்தில் மங்கலாகப் பென்சில் குறி.

தன் கையெழுத்தையே யாரோ தெருவில் போகிறவளின் முகத்தைப்போலப் பார்த்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து காகித வேலையெல்லாம் அவன்தான். வீட்டு ஒப்பந்தமோ வரியோ எதுவானாலும் அவனே நிரப்பி, அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு அடுப்பு மேடையில் வைப்பான். அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் போடுவாள். தாலி போனது, வீடு போனது, பேச்சு போனது. பென்சில் குறி மட்டும் போகவில்லை. மஞ்சள் ஃபைலிலும் அது வந்தது. இந்தத் தாள்கள் வந்த அன்றைக்கு ஓர் இருமல் மருந்துத் தாளை நாலாவது முறையாகத் திருத்திவிட்டு வந்திருந்தாள், கண் எரிந்தது. குறி, குறி, குறி. போட்டாள், மூடினாள். ஊருக்கெல்லாம் படித்துச் சொல்கிறவள், தன் பெண்ணுக்கு வந்ததைப் படிக்கவில்லை.

"மாசா மாசம் பிரீமியத்துல பாதியைச் சேத்துப் போடுறேனே, பாக்கலையா?"

பார்த்தாள். பல் கம்பிப் பாக்கி என்று நினைத்தாள். "அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்டி," என்று பக்கத்து மேஜைக்காரியிடம் பெருமையடித்து டீ வாங்கிக் கொடுத்தாள்.

"வேலை போன விஷயத்தை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு மூணு நாள் முழிச்சேன்," என்றான் அவன். "ஃபைல்ல மேலேயே ஒரு கடுதாசி எழுதி வெச்சேன். நீ கிழிச்சு எறிவ, வக்கீல் நோட்டீஸ் வரும்னு பாத்தா, மறுநாளே கையெழுத்தோட வருது. ஒரு கேள்வி இல்ல. நான் அன்னைக்கு..." முடிக்காமல் கைப்பிடிச் சுவரைத் தேய்த்தான்.

"நான் படிக்கல."

"எதை?"

"எதையும். கடுதாசியையும் படிக்கல. குறி போட்ட இடத்துல போட்டேன். அவ்வளவுதான்."

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மேலே ஏறி வந்த ஒருவர் "கொஞ்சம் வழி" என்று இரண்டு தடவை சொன்னபிறகுதான் காலை மடக்கினான்.

"அப்ப நாலு மாசமா மனசுக்குள்ள நான் யாருக்கு நன்றி சொல்லிட்டிருந்தேன்?"

பணத்தைவிட இதுதான் அவளை உலுக்கியது. அவன் பொறுப்பில்லாதவன் என்ற ஒரு தூணில் ஐந்து வருடம் சாய்ந்து நின்றிருந்தாள். காலையிலும் அதில் சாய்ந்துதான் போன் செய்தாள். இப்போது சாய ஒன்றுமில்லை. முதுகு கூசியது.

ஆபீஸ் கணக்காளரைக் கூப்பிட்டாள். "தாராளமா சேத்துக்கலாம்மா. ஆனா இந்த மாசப் பட்டியல் போயிடுச்சு, அடுத்த மாசம் சேத்தா, அதுக்கடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலிருந்துதான் செல்லும்," என்றார் அவர். அந்த எலும்பு அதுவரை இருக்காது.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது கவுன்டருக்குத் திரும்பினார்கள். முன்பணம் கட்டினால் மிச்சத்தைப் பதினெட்டுத் தவணையாக வாங்கிக்கொள்வார்களாம். சம்பளச் சீட்டு இருக்கிற ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"அப்பாவோட சம்பளச் சீட்டு?" என்றாள் கவுன்டர் பெண்.

அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

"என்னோடது இருக்கு," என்றாள் அவள். "நானே போடுறேன்."

"முன்பணம் நான்," என்று அவன் பர்ஸைத் திறந்தான். அட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு நீட்டினான். அது கடைசிச் சேமிப்பு என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளிடமும் வழியில்லை. ரசீது வந்தது. தியேட்டர் கைவிட்டுப் போகவில்லை.

வார்டில் மகள் கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவன் ஜன்னலோரம் நின்று ஏதோ பாரம் நிரப்பிக்கொண்டிருந்தான்.

"அப்பாவுக்கு வேலை போனது உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும். உனக்கும் தெரியும்னுதான் நெனச்சேன். ஃபைல்ல இருந்துச்சே. நீ ஒண்ணுமே கேக்காம சைன் பண்ணிட்டன்னு அப்பா அழுதாரும்மா." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "என் ஃப்ரெண்டுகிட்டகூடச் சொன்னேன், எங்கம்மா நீ நெனக்கிற அளவுக்கு மோசம் இல்லன்னு."

சும்மா இருந்துவிடலாம். நாளைக்கு ஆபரேஷன். ஜன்னலோரத்திலிருந்து அவனும் அப்படித்தான் தலையை லேசாக அசைத்தான். ஆனால் செய்யாத நல்ல காரியத்துக்குக் கிடைக்கிற அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. கட்டிலைச் சுற்றி வலது காதுப் பக்கம் வந்தாள்.

"நான் படிக்கலடி. படிக்காமதான் போட்டேன்."

"என்ன? சத்தமா சொல்லு."

இந்தக் காதிலும் இப்போது பாதிதான் விழுகிறதா என்று அவளுக்குத் திக்கென்றது. சத்தமாகச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள்.

மகளின் வாய் திறந்தது. "என்ன எழுதியிருக்குன்னே தெரியாமலா? யார் எது குடுத்தாலும் போட்டுடுவியா?"

"யார் குடுத்தாலும் ஏண்டி போடுறேன்? உங்கப்பா அனுப்பினது. அதைப் போய் என்னத்தப் படிக்கிறது?"

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது. ஒவ்வொரு பைசாவுக்கும் நோட்டீஸ் விட்ட வாயிலிருந்து, மகளுக்காக உயர்த்திய குரலில், வார்டு முழுக்கக் கேட்கும்படி. ஜன்னலோரத்தில் பேனா நின்றது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள், மறுபடியும் இழுத்துவிட்டாள்.

நர்ஸ் உள்ளே வந்து கட்டில் எண்ணைச் சரிபார்த்தாள். "குழந்தைகூட ஒருத்தர்தான் தங்கலாம். யார் இருக்கப்போறீங்க?"

அவன் பேனாவை மூடினான். அவள் போர்வையை விட்டாள்.

"என்ன கேட்டாங்க?" என்று மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாராவது சொல்லுங்களேன். என்ன கேட்டாங்க?"