கொய்யா இலை சீசன்

1979ஆம் ஆண்டு கால்பந்து லீக் சீசனில், பால்மார் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு மறுநாள் காலை, சாந்தா ஆகெதாவில் பிறந்த எல்லோருக்கும் சொந்த ஊரிலேயே மூச்சு முட்டத் தொடங்கியது. மேகம் காலுக்குக் கீழே கிடக்கும் உயரத்தில் பிறந்து, அந்த மெல்லிய காற்றிலேயே வெள்ளீயம் தோண்டி, கார்னிவலுக்கு விடிய விடிய ஆடிய ஜனங்கள், கட்டிலிலிருந்து கதவுக்கு நடப்பதற்குள் நாற்காலி தேடினார்கள். அந்த வாரம் உருளைக்கிழங்கு விலை சற்று இறங்கியிருந்தது. ஆனால் சந்தை மேட்டுக்கு ஏறிப்போய் வாங்க ஆளில்லை. வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஓருரோவிலிருந்து சோடா கொண்டுவந்தவன் இரண்டு பெட்டிகளைத் தோளில் வைத்துக்கொண்டு சீட்டியடித்தபடியே மேட்டில் ஏறிப்போனான். பல வருஷம் கழித்து இந்த ஊருக்கு மருமகனாக வந்த எனக்கும் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஊர்க்காரர்கள் இந்தக் கதையைப் பாதியிலேயே நிறுத்தி மூச்சு வாங்குவார்கள் என்பதால் முழுசாகச் சொல்ல நான்தான் இருக்கிறேன்.

அந்த சீசனில் ஊர் அணி பாதி லீக் முடிவதற்குள் கடைசி இடத்துக்குப் போயிருந்தது. கடைசி இடத்தில் முடிப்பவர்களை இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். மற்ற ஊர்களுக்கு அது கௌரவப் பிரச்சினை, இங்கே வேறு சங்கதியும் இருந்தது. அணி முதல் பிரிவில் இருக்கும்வரை ஆட்டக்காரர்களைச் சுரங்கத்துக்குள் அனுப்புவதில்லை, மேலே கிடங்கு வேலைதான். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே விடுதி நடத்திய தோன்யா கசியானாவின் ஒரே மகன் பிளாசிதோ அணியின் முன்கள ஆட்டக்காரன். அவன் அப்பா சுரங்கத் தூசி நுரையீரலில் கட்டி, கடைசி வருஷம் முழுக்க உட்கார்ந்தபடியே தூங்கி, உட்கார்ந்தபடியே செத்துப்போனவர். மகனையும் அந்தக் குழிக்குள் இறக்குவதைப் பார்ப்பதற்குப் பதில் கண் அவிந்து போகலாம் என்று கசியானா சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளியூர் அணிகள் எல்லாம் அவள் விடுதியில்தான் தங்கும். மலையேறி வந்தவர்களுக்குப் பெயர் கேட்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் கோகா இலைத் தேநீரை இரண்டு கையாலும் நீட்டுவது அந்த மலைநாட்டு வழக்கம். பழக்கமில்லாத உடம்புக்கு அது இல்லாவிட்டால் தலை பிளக்கும், நெஞ்சு படபடக்கும். பகையாளி வந்தாலும் முதலில் கிண்ணம், சண்டையெல்லாம் அப்புறம்தான். இந்த வழக்கத்தில்தான் கை வைத்தார் தோன் பெலிசாரியோ. கறிக்கடைக்காரர், கிளப்பின் தலைவரும் அவரே. ஒருநாள் கசியானாவின் சமையலறைக்கு வந்து, ஒரு பை காய்ந்த கொய்யா இலையை மேஜைமேல் வைத்தார்.

"கசியானா, இனிமே வர்ற டீமுக்கெல்லாம் இதைப் போட்டுக் குடு. பாக்க அசல் கோகா மாதிரியே இருக்கும்."

"விருந்தாளிக்கா? என்ன பேச்சு பேசுறீங்க நீங்க!"

"விஷமா வைக்கச் சொல்றேன்? டீத்தண்ணிதானே! மீதியை மலை பாத்துக்கும். இல்லேன்னா சொல்லு, பிளாசிதோவுக்கு ஒரு சுரங்கத் தொப்பி எடுத்து வைக்கச் சொல்றேன்."

அவள் இலையை வாங்கி வைத்துக்கொண்டாள். கோகா மூட்டை அடுப்புக்குப் பின்னால் போனது. அதற்குப் பிறகு ஊர் அணி சொந்த மண்ணில் தோற்கவே இல்லை. கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இடைவேளைக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாதிரியார் முதல் ரொட்டிக்கடைக்காரி வரை எல்லோருக்கும் விஷயம் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. கேலரியில் உட்கார்ந்துகொண்டு, "என்னடா கம்பா, மூச்ச பஸ்லயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று கீழ்நாட்டு ஆட்களை, அவர்களுக்கென்றே வைத்த பட்டப்பெயரால் கேலி செய்தார்கள். இந்த ஊர் ஜனங்கள் கெட்டவர்கள் இல்லை. ஜெயிக்கிற ஊர் எதுவும் தன் சமையலறையை எட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

கீழ்நாட்டிலிருந்து வந்த பால்மார் அணியின் கோல்கீப்பர் பெயர் ரோமுலோ. ஆள் நல்ல உயரம், கூச்ச சுபாவம். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அவன் கோல் கம்பத்தைப் பிடித்தான், பிடித்தபடியே சரிந்து, மூக்கில் ரத்தம் வழிய மண்ணில் விழுந்தான். பந்து பிளாசிதோவின் காலில் இருந்தது. வெளியே அடித்திருக்கலாம், அப்படி அடிப்பதுதான் முறை. அவன் விழுந்து கிடந்தவனுக்குப் பக்கத்தில் மெதுவாகத் தட்டிவிட்டான். பந்து உருண்டு உள்ளே போனது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு கோல் கொடுத்தார். ஊரே எழுந்து கத்தியது, கசியானாவும் கத்தினாள். அந்தக் கத்தலில் ஊர் தன்னிடமிருந்த மூச்சையெல்லாம் மொத்தமாக வெளியே விட்டுவிட்டது, அது திரும்பி வரவில்லை என்று பிற்பாடு சிலர் காரணம் சொன்னார்கள். வேறு காரணம் இதுவரை யாரும் சொல்லவில்லை.

அன்றே ரோமுலோவை அசைக்க வேண்டாம் என்றார் டாக்டர். அணி அவனை விட்டுவிட்டுப் போனது. மறுநாள் மழையில் மண்சரிவு பாதையை மூடிவிட்டது. இப்படித்தான் அவன் கசியானா வீட்டு விருந்தாளி ஆனான். வேடிக்கை என்னவென்றால், இரண்டொரு நாளில் அவனுக்கு மூச்சு சீராகிவிட்டது, ஊருக்குத்தான் ஆகவில்லை. படியேறும்போது கசியானா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவன், தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து பீப்பாயை நிரப்பினான். பக்கத்து வீட்டு மாவு மூட்டையைத் தூக்கினான். பிளாசிதோ மேட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவன் தோளிலிருந்த விறகையும் வாங்கிக்கொண்டான். ஊர்க்காரர்கள் கோழி சூப் கொண்டுவந்தார்கள், கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தார்கள். பாதிரியார் வந்து அவனுக்காக ஜெபித்துவிட்டுப் போனார். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் யாரும் சொல்லவில்லை.

"உங்க ஊர் ஜனங்க மாதிரி எங்கயும் பாத்ததில்லம்மா. தோத்த டீம்காரனை இப்படித் தாங்குறீங்களே!" என்றான் ஒருநாள்.

கசியானாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அதைவிடக் கொடுமை, தினமும் காலையில் அவனுக்குக் கொய்யா இலையையே போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. திடீரென்று கோகா கொடுத்தால் ருசி மாறிப்போய்க் குட்டு வெளிப்பட்டுவிடுமே! அவன் கிண்ணத்தைக் காலி செய்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "புண்ணியமா போகும்மா" என்பான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே வாங்குவாள்.

பாதை திறந்தது. சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. டிரா செய்தாலே முதல் பிரிவில் நீடிக்கலாம். எதிரணி காலையிலேயே வந்து இறங்கும், சாயங்காலம் அவர்கள் பஸ்ஸிலேயே ரோமுலோவும் கிளம்புவதாக ஏற்பாடு. அதிகாலையில் பெலிசாரியோ விடுதிப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்தார்.

"நம்ம பசங்க... நிக்கவே முடியாம... இருக்கானுங்க. அவனுங்களும்... நிக்கக் கூடாது. அதே இலை, கசியானா."

அவர் போனதும் அவள் அடுப்பை மூட்டி உலை வைத்தாள். பிறகு அடுப்புக்குப் பின்னாலிருந்த மூட்டையின் வாயைப் பிரித்தாள். முதல் கிண்ணத்தை ரோமுலோவிடம் நீட்டினாள். அவன் மோந்து பார்த்தான், ஒரு வாய் குடித்தான், முகமெல்லாம் சிரிப்பானது.

"அட! இன்னிக்குக் கோகா கிடைச்சிருச்சா?"

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முதல் நாளே எனக்குத் தெரியும்மா. கொய்யா இலை. சின்ன வயசுல வயித்துப்போக்குன்னா எங்கம்மா இதைத்தான் குடுப்பாங்க. வீட்டுல கோகா வாங்க வழியில்ல போல, இருக்கிறதைப் போட்டுக் குடுக்குறாங்கன்னு நினைச்சேன். எங்க பசங்ககிட்ட மூச்சு விடலியே! சொன்னா நீங்க அவமானப்படுவீங்கல்ல?"

கசியானா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்துச்சு தம்பி," என்றாள். "அன்னிக்கும் இருந்துச்சு. மூட்டை நிறைய."

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. மூட்டையைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான். தப்பு செய்தவன் அவன்தான் என்பதுபோல அவன் முகம் சிவந்தது. மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்மா," என்றான். வழக்கம்போல வாளியை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய், பீப்பாயை விளிம்புவரை நிரப்பி வைத்துவிட்டுத்தான் தன் பையைக் கட்டினான். அவன் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

எதிரணி வந்தபோது கசியானா விடுதி வாசலில், ஊர் பார்க்க, ஒவ்வொருவருக்கும் கோகாத் தேநீரை இரண்டு கையாலும் கொடுத்தாள். பெலிசாரியோ தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார். திட்ட வாய் திறந்தார், காற்று போதவில்லை. பிளாசிதோ அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் புரிந்தது, பூட்ஸை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தான். ஆட்டத்தில் எதிரணி வெள்ளாட்டுக் கூட்டம்போல ஓடியது. ஊர் அணி நடந்தது, பிறகு நின்றது, பிறகு உட்கார்ந்தது. எத்தனை கோல் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. கேலரியில் ஒரு கூச்சலும் இல்லை, மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிளாசிதோ திங்கட்கிழமை சுரங்கத்தில் இறங்கினான். கசியானா வாசலில் நின்று தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். உண்மையைச் சொன்னதற்குப் பரிசாக அவளுக்கு மூச்சு திரும்பிவிடும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். திரும்பவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

தலைநகர் லா பாஸிலிருந்து அரசாங்க ஆட்கள் கருவிகளோடு வந்து காற்றை அளந்து பார்த்துவிட்டு, காற்றில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது ஊருக்கு முன்பே தெரியும். தெருத் திருப்பங்களில் உட்காரக் கல் போட்டார்கள். பெண்களுக்கு வெளியூர் மாப்பிள்ளை பார்க்கும் பழக்கம் வந்தது, கேஸ் சிலிண்டர் தூக்க ஆள் வேண்டுமே! அப்படித்தான் நானும் வந்து சேர்ந்தேன். இரண்டாம் பிரிவு அணிகளுக்கு இங்கே ஆட வருவதென்றால் கொண்டாட்டம். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தோற்றவர்களைக் கைத்தாங்கலாக மேட்டில் ஏற்றிவிட்டுப் போவார்கள்.

கசியானாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. பஸ்ஸிலிருந்து யார் இறங்கினாலும் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டி, "கோகாதான். மோந்து பாருங்க" என்பாள். மற்ற வீடுகளிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். வந்தவர்கள் இதை இந்த ஊர் வழக்கம் என்று நினைத்து, மரியாதைக்குக் குனிந்து மோந்து பார்த்துவிட்டுக் குடிப்பார்கள். இப்போது அது வழக்கம்தான்.