ஒன்றரை லிட்டர்

குப்பை தரம் பிரிக்கும் கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட பச்சைத் தொட்டியின் மேல் உட்கார்ந்து சூர்யகலா அந்தப் படிவத்தை நான்காவது முறையாகப் படித்தாள். 'புத்தாண்டில் எங்கள் குழுவின் அர்த்தமுள்ள இலக்கு' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே மூன்று கட்டங்கள்: இலக்கு என்ன, அதை எப்படி அளப்பீர்கள், அது ஏன் உங்களுக்கு முக்கியம். கூடவே விழுப்புரம் ஆபீசிலிருந்து எச்.ஆர். பிரேம்குமார் அனுப்பிய மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ். இலக்கு என்பது மேலேயிருந்து திணிப்பதாக இருக்கக்கூடாதாம், குழுவின் மனசிலிருந்து வரவேண்டுமாம். இரண்டரை நிமிடம் இதையே சொல்லிவிட்டு, கடைசி அரை நிமிடத்தில், எல்லாக் குழுவும் 'வருகைப்பதிவு தொண்ணூற்றைந்து சதவீதம்' என்று எழுதிவிட்டால் நல்லது என்று முடித்திருந்தான். மனசிலிருந்து என்ன வரவேண்டும் என்பதையும் அவனே சொல்லிவிட்டால் அப்புறம் மனசு எதற்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திண்டிவனத்தில் பதினான்கு தெருக்களில் வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்குவது அவள் குழுவின் வேலை. ஒப்பந்தக் கம்பெனி. அவளையும் சேர்த்து ஐந்து பேர். பேட்டரி வண்டி ஓட்டும் அப்பாதுரை ஒருவர்தான் ஆண். விசிலடித்துக் குப்பை வாங்க பரிமளா, சவுரியம்மாள், பவுனு. காலை ஐந்தரைக்குக் கையெழுத்துப் போட்டு இறங்கினால், தெரு முடித்து, கொட்டகைக்கு வந்து மக்கும் குப்பை மக்காத குப்பை பிரித்து, வீடு போய்ச்சேர இரண்டு மணியாகும். எம்.காம். படித்த சூர்யகலா இந்தக் குழுவுக்கு மேஸ்திரியாகி நான்கு வருஷமாகிறது. 'டீம் லீடர்' என்று அடையாள அட்டையில் இருக்கிறது. தெருவில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

சரி, கேட்டுத்தான் பார்ப்போம் என்று எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டாள். அப்பாதுரை உடனே பதில் சொன்னார்: வண்டிக்கு பேட்டரி மாற்றவேண்டும், மேட்டில் ஏறமாட்டேன் என்கிறது, தள்ளித் தள்ளி இடுப்பு விட்டுப்போகிறது. அது இலக்கு இல்லை, கோரிக்கை என்றாள் சூர்யகலா. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றார். கோரிக்கை என்றால் கம்பெனி செய்யவேண்டியது, இலக்கு என்றால் நாம் செய்யவேண்டியது என்று விளக்கினாள். அப்படியானால் வண்டியைத் தள்ளுவதுதான் தன் இலக்கா என்று அவர் நிஜமாகவே யோசனையோடு கேட்டார். சவுரியம்மாள் செப்டம்பரில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகப்போவதாகவும், அதற்குப் பத்து நாள் லீவு வேண்டும் என்றும், அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். பரிமளா மல்லாட்டைக் கடலைத் தோலுக்குள் சிக்கிக் கிடந்த பிளாஸ்டிக் கவரைப் பிடுங்கிக்கொண்டே, மேடமே எதையாவது எழுதிக்கொள்ளட்டும், கையெழுத்து கேட்டால் போட்டுவிட்டுப் போகிறோம் என்றாள். சூர்யகலா தலையிலடித்துக்கொண்டாள். எள் என்றால் எண்ணெயாக நிற்கும் குழு வேறு எங்கேயாவது இருக்கும்போல.

பவுனு வரவில்லை. இந்த மாதத்தில் இது ஏழாவது நாள். மற்ற மூன்று பேரும் மழையோ கருமாதியோ வந்து நின்றுவிடுகிறவர்கள். பவுனு ஒருத்தியால் குழுவின் வருகைப்பதிவு எண்பத்தெட்டுக்கு இறங்கி, மாவட்டத்திலேயே கடைசியில் கிடந்தது. போனவாரம் பிரேம்குமார் தனியாகவே போன் பண்ணினான். ஜனவரியிலிருந்து ஆள் மாற்றிக்கொள்ளலாம், வரிசையில் ஆள் நிற்கிறது, சூர்யகலா கையெழுத்து போட்டுக் கொடுத்தால் போதும் என்றான். ஐம்பத்திரண்டு வயதுப் பவுனுக்கு இதைவிட்டால் யார் வேலை கொடுப்பார்கள் என்று சூர்யகலாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வராததைக்கூட ஒரு வார்த்தை போனில் சொல்லாத மனுஷிக்காக எத்தனை நாள்தான் வக்காலத்து வாங்குவது? அன்று மதியம் வீட்டுக்குப் போகாமல் ஸ்கூட்டியை நேராக ஒலக்கூர் ரோட்டுக்குத் திருப்பினாள். இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்ற கோபம்.

பவுனு பாயில் சுருண்டு படுத்திருந்தாள். மதிய வெயில் சிமெண்ட் ஓட்டில் காய்ந்துகொண்டிருக்க, மேலே கம்பளி. சூர்யகலா வழியெல்லாம் சேர்த்துவைத்ததை நின்ற நிலையிலேயே கொட்டினாள். எண்பத்தெட்டு, கடைசி இடம், ஆபீசில் தலைகுனிவு, ஆள் மாற்றும் பேச்சு, எதையும் விடவில்லை. பவுனு எழுந்து சுவரில் சாய்ந்து முழுவதையும் கேட்டாள். அப்புறம்தான், நீர்க்கடுப்பு என்றாள். இந்த வருஷத்தில் நாலாவது தடவை. குளிர்காய்ச்சலும் வந்துவிடுகிறது. இதைப் போய் எப்படிப் போனில் சொல்வது, அப்பாதுரை பக்கத்தில் இருக்கும்போது ஸ்பீக்கரில் வேறு போடுகிறாய் என்றாள். பெரியாஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்களாம்.

"அப்ப குடிக்கிறதுதானே பவுனுக்கா? தண்ணிக்குமா பஞ்சம்?"

"ஊட்டுக்கு வந்து குடிச்சிக்கினுதாம்மா கீறேன். வேலைல குடிச்சா எங்க போறது?" பவுனு கம்பளியை இழுத்துக்கொண்டாள். "நீதான சொன்ன, பாட்டிலு எடுத்துக்கினு வராதீங்கன்னு."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. 'நீதான சொன்ன, ஆறாம் தெருவிலிருந்து ஆரம்பிக்கலாம்னு' என்பதுபோலத்தான் சொன்னாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய புத்தாண்டு இலக்கு அவளே யோசித்து எழுதியது. 'இடையில் நிற்காமல் பதினொரு மணிக்குள் பதினான்கு தெரு.' அப்போது ஒன்பதாம் தெருக் கடைசியில் இருந்த வேலிக்காத்தான் புதர் வெட்டப்பட்டு மனை போட்டிருந்தார்கள். அதுவரை பெண்கள் அங்கேதான் ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்று ஒதுங்கிவந்தார்கள். அது போனபின் பஸ் ஸ்டாண்டு வரை நடக்கவேண்டும், போய்வர அரைமணி நேரம். மூன்று பேருக்கு மூன்று அரைமணி. சூர்யகலா கணக்குப் போட்டாள். தண்ணீர் குடித்தால்தானே போகவேண்டும்? பாட்டில் வேண்டாம், காலையில் டீ அரை கிளாஸ் போதும் என்றாள். பரிமளா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கையுறை கொடுப்பதற்கு முன்னால் அவளுக்குச் சொன்ன பாடம் அதுதான். சூர்யகலாவும் அப்படித்தான் இருந்தாள், முந்தின ராத்திரி எட்டு மணிக்குக் குடிக்கும் தண்ணீரோடு சரி. குழு பத்தே முக்காலுக்கே முடித்தது. கம்பெனி அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தது. அதை லாமினேட் பண்ணி டி.வி.க்கு மேலே மாட்டியிருந்தாள். அப்பாதுரை மட்டும் எப்போதும்போல ஏதாவது ஒரு காம்பவுண்டுச் சுவர் பார்த்து நின்றுவிட்டு வந்தார். அவரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

திரும்பும்போது அவளுக்கு யார்மீது எரிச்சல்படுவது என்றே தெரியவில்லை. பிரேம்குமார்மீது படலாம், கம்பெனிமீது படலாம், புதரை வெட்டியவன்மீது படலாம். எல்லாவற்றையும் சுற்றிவிட்டு அது திரும்பத் திரும்ப அவளிடமே வந்து நின்றது. வெட்கமாக இருந்தது. ஒருத்தியை நோயில் தள்ளிவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்க அவள் வீட்டுக்கே போயிருக்கிறாள். அன்றைக்கே படிவத்தின் முதல் கட்டத்தில் எழுதினாள்: வேலை நேரத்தில் ஒவ்வொருவரும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிப்பது.

முப்பதாம் தேதி விழுப்புரத்தில் கூட்டம். ஒவ்வொரு குழுத்தலைவரும் எழுந்து வாசிக்கவேண்டும். அவளுக்கு முன்னால் வாசித்த ஒன்பது பேரின் மனசிலிருந்தும் தொண்ணூற்றைந்து சதவீதமே வந்திருந்தது. ஒன்பது தடவையும் பிரேம்குமார் முதல்முறை கேட்பதுபோலத் தலையாட்டினான். அவள் வாசித்ததும் சிரிப்பு எழுந்தது. அவன் சிரிக்கவில்லை. அதுகூட அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இது தனிப்பட்ட பழக்கமாயிற்றே, குழுவின் இலக்காக எப்படி ஆகும், எப்படி அளப்பது என்றான். பாட்டில் காலியானதா என்று பார்த்தால் அளந்தாயிற்று என்றாள். மூன்றாவது கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டான். அவள் பவுனுக்கு வந்திருக்கும் நோயை அதன் பெயரோடு சொன்னாள். ஏன் வருகிறது என்பதையும் சொன்னாள். அறையில் பதினோரு ஆண்கள் இருந்தார்கள். எல்லோரும் அவரவர் படிவத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பிரேம்குமார் அவளைக் கூட்டம் முடிந்ததும் நிற்கச் சொன்னான். கெட்டவன் இல்லை, அதுதான் இன்னும் பேஜாரு. கழிப்பறை கட்டுவது கம்பெனியின் ஒப்பந்தத்தில் இல்லை என்றான். தெருவுக்கு ஒரு வீட்டில் கேட்டுப்பார்க்கிறோம் என்றாள் அவள். கேளுங்கள், ஆனால் கம்பெனி பேர் வரக்கூடாது என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மார்ச் வரைக்கும் டைம் தர்றேன், சூர்யகலா. அதுக்குள்ள தொண்ணூத்தஞ்சு வரலேன்னா பவுனு பேர எடுத்துருவோம். அதுக்கும் நீங்கதான் சைன் பண்ணணும்."

தன்னுடைய இலக்குக்குக் கீழே அவனுடைய இலக்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் தனியாக மூன்று வீடு ஏறினாள். முதல் வீட்டில் செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தது. இரண்டாவது வீட்டில் ஓனர் சென்னையில் இருந்தார், அவரைக் கேட்கவேண்டும். மூன்றாவது வீட்டு ரிட்டையர்டு வாத்தியார் அவளை உட்காரவைத்து, காபி கொடுத்து, உங்கள் சேவைக்கு இந்த ஊரே கடன்பட்டிருக்கிறது என்று கால்மணி நேரம் பேசினார். கழிப்பறையைப் பற்றி மட்டும் பேசவில்லை. குப்பை வண்டி ஒரு நாள் வராவிட்டால் கவுன்சிலருக்குப் போன் போகும் தெரு அது.

ஜனவரி முதல் தேதி பவுனு வந்துவிட்டாள். சூர்யகலா வாங்கிவைத்திருந்த பாட்டிலை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். பரிமளா கூச்சத்தோடு, குடித்தால் போக இடம் இருக்கிறதா, ஏற்பாடு ஆகிவிட்டதா என்று கேட்டாள். ஆகிவிடும், குடி என்றாள் சூர்யகலா. எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தெருவெல்லாம் கலர்க் கோலம், கேக் டப்பா, வெடித்த பலூன். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு குப்பை. எட்டு மணிக்கு ஏழாம் தெருவில் பவுனு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முக்கால் பாட்டில் காலியாகியிருந்தது.

"சூர்யா, தாங்காதும்மா."

பஸ் ஸ்டாண்டு எட்டாத தூரம். சூர்யகலா யோசிக்கவில்லை. எதிரில் இருந்த வீட்டின் காலிங்பெல்லை அழுத்தினாள். நைட்டிமேல் துண்டு போட்ட பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். ஹேப்பி நியூ இயர் என்றாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் எடுத்துவைத்துக் கொடுக்கிறவள். கையில் குப்பைக்கூடை. சூர்யகலா கூடையை வாங்கவில்லை.

"அக்கா, இவங்களுக்கு முடியல. உங்க பாத்ரூம் ஒரு வாட்டி வேணும். இன்னிக்கி மட்டும் இல்ல, தெனமும் ஒரு வாட்டி வேணும்."

தினமும் என்பதை ஏன் இப்போதே சொன்னோம் என்று அந்த நொடியே அவளுக்குத் தோன்றியது. ஆனால் சொல்லாமல் எப்படி? அந்தப் பெண்ணின் சிரிப்பு போகவில்லை. போவதா இருப்பதா என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. பவுனுவைப் பார்த்தாள், அவளுடைய ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தாள், திரும்பித் தன் வீட்டு வாசற்படியைப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், யாரு என்று கேட்டது. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு கேட்டின் தாழ்ப்பாளில் கைவைத்தாள். கை அங்கேயே இருந்தது.

உள்ளே மறுபடியும், யாருன்னு கேக்கறேன்ல என்றது குரல். சூர்யகலா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினாள். பவுனு கையுறையையும் ஆரஞ்சுச் சட்டையையும் கழற்றி வண்டியின்மேல் போட்டிருந்தாள். செருப்பையும் கோலத்துக்கு இப்பாலேயே, தெருவில், ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு, தொடைகளை இறுக்கிக்கொண்டு வெறுங்காலோடு நின்றிருந்தாள்.