ஒன்பது வேலைகளும் ஒரு சூடும்

"சட்டைக் கையை ஏத்து," என்றார் துரி.

உர்சினா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா துரி முன்பு வேலை பார்த்த மலைமேல் ஹோட்டலின் சமையலறையில் சேர்ந்து ஆறு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இன்றுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்ததிலிருந்து இடது கையை மேஜைக்குக் கீழேயே வைத்திருந்தது அப்பாவின் கண்ணுக்குத் தப்பவில்லை. சட்டைத் துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. இழுத்தபோது தோலும் கொஞ்சம் பிய்ந்து வந்தது. மணிக்கட்டுக்கு மேலே, முட்டை வடிவத்தில், சீழ் வைத்த சூட்டுப் புண்.

துரி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தன் சட்டைக் கையையும் ஏற்றி மேஜைமேல் வைத்தார். அதே இடம், அதே முட்டை வடிவம்; நாற்பது வருடத்தில் வெளுத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

"இப்பதான் நீ என் பொண்ணு. உங்க மாஸ்டர் ரெட்டோ போட்டானா?"

"ம்."

"எனக்கு என் மாஸ்டர் போட்டாரு. சத்தமே போடல நான். நீ அழுதியா?"

"இல்ல."

"பலே. வாயைத் தொறக்காம ஆறு மாசத்தை ஓட்டிடு. சான்றிதழ்ல அவன் கையெழுத்துப் போட்டான்னா உன்னை யாரும் அசைக்க முடியாது."

அம்மா மெங்கியா ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த கத்தி நின்றிருந்தது.

குளிர்பெட்டிக் கதவில் ஹோட்டல் கல்லூரி கொடுத்த பட்டியல் ஒட்டியிருந்தது. படித்து முடித்தவர்கள் போகக்கூடிய ஒன்பது வேலைகள்: வரவேற்பு மேலாளர், விருந்து ஏற்பாட்டாளர், பயணக் கப்பல் அதிகாரி என்று வழவழப்பான தாளில், சிரித்த முகங்களோடு. ஏழாவதைச் சுற்றி உர்சினா வட்டம் போட்டிருந்தாள்: மருத்துவமனை உணவு நிர்வாகி. நோயாளிக்கு வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட வேண்டும் என்பது அவளுடைய சின்ன ஆசை. ஆனால் ஒன்பதில் எதற்குப் போனாலும் பெரிய சமையலறை ஒன்றில் ஆறு மாதம் வேலை பார்த்து, தலைமைச் சமையல்காரரின் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். அந்தச் சமையலறையில் என்ன நடக்கும் என்பதைத்தான் வழவழப்புத் தாளில் அச்சடிக்க மறந்துவிட்டார்கள்.

ஆறாவது மாதக் கடைசி வாரத்தில் செரைனா வந்து சேர்ந்தாள். உர்சினாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். முதல் நாள் மதியப் பரிமாறல் முடிந்ததும் ரெட்டோ பரிமாறும் கரண்டி ஒன்றை அடுப்பில் வைத்தார். பழுக்கக் காய்ந்ததும் துணியால் பிடித்து உர்சினாவிடம் நீட்டினார்.

"கடைசியா வாங்கினவதான் புதுசா வர்றவளுக்குப் போடணும். அதான் இங்க வழக்கம். போட்டுட்டு வா, சான்றிதழ் மேஜை மேல இருக்கு."

இரண்டு பேர் செரைனாவின் கையைப் பலகைமேல் அழுத்திப் பிடித்திருந்தார்கள். அவள் உர்சினாவையே பார்த்தாள். உர்சினாவுக்கு ஏழாம் எண் வேலை கண்ணில் வந்து போனது. வரவில்லை என்று சொன்னால் பொய். கரண்டியை வாங்கினாள். நேராகத் தொட்டிக்குப் போய்த் தண்ணீரில் போட்டாள்.

"உனக்கு அவ்வளவு திமிரா?"

ரெட்டோ அவள் பின்மயிரைப் பிடித்து இழுத்துவந்து அடுப்புப் பக்கம் தள்ளினார். முகம் இரும்பில் படாமல் இருக்க அவள் வலது கையை ஊன்றினாள். உள்ளங்கை வெந்த வாடை அவளுக்கே வந்தது. அவள் அலறியதைக் கேட்டும் பதினோரு பேர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. ரெட்டோ தன் சட்டைக் கையை ஏற்றி அவள் கண்ணெதிரே காட்டினார்.

"பாரு. இது உங்கப்பன் போட்டது. நான் கதறினேன், அவரு சிரிச்சாரு. நீ மட்டும் பெரிய யோக்கியமா?"

பிடி விலகிய செரைனா கையில் கிடைத்த வாணலியால் அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் இடது கையால் சான்றிதழை எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்துப் போட்டார். இரண்டு பெண்களும் சமையலறை மேலங்கியோடு அப்படியே நடந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அதே மேஜை. தொழிலாளர் அலுவலகத்தின் புகார்ப் படிவம் துரியின் முன்னால் கிடந்தது. 'இவ்வழக்கத்தைத் தொடங்கியவர் யார்?' என்ற கேள்விக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. உர்சினாவின் வலது கை முழங்கை வரை கட்டுக்குள் இருந்தது.

"என் பேரைச் சொல்லிடாத," என்றார் துரி. "எனக்கும் மாஸ்டர்தான் போட்டாரு. நானா கண்டுபிடிச்சேன்? இதைக் கொடுத்தீன்னா ஒன்பது வேலையில ஒண்ணு கூட உனக்குக் கெடைக்காது, தெரிஞ்சுக்கோ."

"தெரியும்பா."

"பெத்த அப்பனைக் காட்டிக் கொடுப்பியா?"

மெங்கியா ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எந்த மாஸ்டர்?" என்று கேட்டாள். "அப்ப நான் அந்த ஹோட்டல்ல அறை துடைச்சிட்டிருந்தேன். அடுப்போரம் கெடந்த கரண்டி மேல தெரியாம கையை வெச்சீங்க. நான்தான் கட்டுப் போட்டேன். விடிய விடிய அழுதீங்க. மறுவருஷம் ரெட்டோ வந்தப்ப, மாஸ்டர் போட்டாருன்னு சொல்லி அவனுக்குப் போட்டீங்க. நாற்பது வருஷம் நான் வாயை மூடிட்டிருந்தேன். என் பொண்ணு கை வெந்துபோச்சு."

ஊர் முழுக்க ஏற்றிக் காட்டிய சட்டைக் கையைத் துரி மெல்ல இறக்கிப் பொத்தானைத் தேடினார். அது மாட்டவில்லை.

உர்சினா இடது கையால் பேனாவை எடுத்தாள். அது பிடிக்குள் நிற்கவில்லை. மெங்கியா அதை வாங்கிக்கொண்டாள். காலியாக இருந்த இடத்தில் கணவர் பெயரை முழுதாக எழுதினாள். கீழே, சாட்சி என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதிவிட்டு, ஆறிப்போன சூப்பைச் சூடாக்க எழுந்து போனாள்.